பால் கக்கும் கைக்குழந்தை: எதை முதலில் மாற்றலாம், எதைத் தள்ளிப்போடலாம்

பிறந்து இரண்டு மூன்று வாரமான குழந்தை பால் குடித்ததும் கக்குகிறது. அப்புறம் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க முக்கி முக்கி அழுகிறது. உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை வரும். அம்மா கிரைப் வாட்டர் வாங்கி வரச் சொல்வார். மாமியார் வசம்பைச் சுட்டு உரைக்க உட்காருவார். பக்கத்து வீட்டு அக்கா, “நேத்து உருளைக்கிழங்கு சாப்பிட்டியா?” என்று விசாரிப்பார். மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்து ஒன்றை எடுத்து வைப்பார். கடைசியாக யாராவது ஒருவர், “தாய்ப்பால் இதுக்கு ஒத்துக்கலை போல, பேசாம டப்பா பாலுக்கு மாத்திடு” என்பார். ராத்திரி முழுக்கத் தூங்காத தாய் இத்தனைக்கும் நடுவில் எதைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வழிகள் பலனிலும் ஆபத்திலும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் வாயில் எதையும் ஊற்றுவதற்கு முன், தாயின் சாப்பாட்டில் எதையும் நிறுத்துவதற்கு முன், பால் கொடுக்கும் விதத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குச் செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை. பல குழந்தைகளுக்கு அதுவே போதும்.

எடை ஏறுகிறதா?

எந்த வழியில் போவது என்று யோசிப்பதற்கு முன்னால் இந்த ஒரு கேள்விக்கு விடை வேண்டும். பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். பிறந்த எடையில் 10 சதவீதத்துக்குள் என்றால் பொதுவாகப் பயமில்லை. 10 முதல் 14 நாட்களுக்குள் இறங்கியது திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். முதல் வாரம் தாண்டியதும் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகும். இதெல்லாம் சரியாக இருந்தால், துண்டு நனைய நனையக் கக்கினாலும் அந்தக் குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. “கக்குகிற பிள்ளை தக்கும்” என்று பெரியவர்கள் சொல்வது இப்படிப்பட்ட பிள்ளையைத்தான். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, எங்கே வேண்டுமானாலும் எடை பார்க்கலாம். ஒரே தராசில், உடுப்பில்லாமல் பார்ப்பது முக்கியம். இரண்டு தராசுக்குள் 100 கிராம் வித்தியாசம் வந்தாலே தேவையில்லாமல் பதறிப்போவோம்.

கக்குவதற்குக் காரணம் எளிமையானது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள வளையத் தசை இந்த வயதில் இறுக்கமாக மூடிக்கொள்வதில்லை. குடிப்பது முழுக்கத் திரவம், கிடப்பதும் நாள் முழுக்கப் படுக்கையில். பால் மேலே ஏறி வழியாமல் என்ன செய்யும்? முதல் மூன்று மாதங்களில் பாதிக் குழந்தைகளாவது தினமும் ஒருமுறையேனும் கக்குகின்றன. நான்காம் மாத வாக்கில் இது உச்சத்துக்குப் போகும். உட்காரப் பழகியதும் குறைந்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். கக்கியது எவ்வளவு என்று கண்ணால் கணிப்பதில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். ஒரு தேக்கரண்டிப் பாலை ஒரு துணியில் ஊற்றிப் பாருங்கள். அது பரவி நிற்கும் அளவைப் பார்த்தால், “குடிச்சது பூரா வெளிய வந்துடுச்சு” என்று நாம் சொல்வது எவ்வளவு மிகை என்று புரியும்.

ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கக்கியது பச்சையாக இருந்தால் அது பித்தம், குடல் அடைப்பாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இரண்டு முதல் எட்டு வார வயதில், ஒவ்வொரு தடவை குடித்ததும் பீய்ச்சி அடிப்பதுபோல் வாந்தி எடுத்து, எடுத்த கையோடு மறுபடி பசித்து அழுதால், இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்துப் பாதை சுருங்கியிருக்கலாம். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம், சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், கல்லாக உப்பிய வயிறு, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, மூத்திரம் குறைவது, எடை ஏறாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் கூடாது.

பால் கொடுக்கும் விதம்

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

என் தங்கை பிள்ளைக்கு மூன்றாவது வாரத்தில் இந்தத் தொந்தரவு இருந்தது. அவள் பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சப்பலுக்கும் ‘டக், டக்’ என்று நாக்குச் சத்தம் கேட்டது. கன்னம் இரண்டும் குழி விழுந்தன. வாயை எடுத்தபோது காம்பு ஒரு பக்கமாக நசுங்கி, நுனி வெளுத்திருந்தது. காம்பை மட்டும் பிடித்துச் சப்பிய குழந்தை பாலோடு காற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. தாய்ப்பால் ஆலோசகரான செவிலியர் ஒருவர் வந்து, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றில் ஒட்டும்படி முழு உடம்பையும் திருப்பி வைத்தார். காம்பை மூக்குக்கு நேரே காட்டினார். வாய் கொட்டாவி விடுவதுபோல் திறந்ததும் குழந்தையை மார்போடு அணைத்தார். முகவாய் மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது. சத்தம் நின்றுவிட்டது. அப்புறம் ‘மடக் மடக்’ என்று விழுங்கும் ஒலி மட்டும்தான். கக்குவது அன்றைக்கே நிற்கவில்லை. ஆனால் முக்கி அழும் நேரம் அந்த வாரத்திலேயே பாதியானது.

அடுத்து, பால் வரும் வேகம். சில தாய்மாருக்குப் பால் சுரந்து இறங்கும்போது பீறிட்டு வரும். குழந்தை இருமும், புரையேறும், வாயை எடுத்துவிட்டு அழும். இவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கொடுப்பதைவிட, தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, குழந்தையை மார்பின்மேல் குப்புறப் போட்டுக் கொடுப்பது நல்லது. பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் மட்டுப்படும். முதல் பீறலைத் துணியில் விட்டுவிட்டுக் கொடுப்பதும் உதவும்.

கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிஷம் ஒரு பக்கம், ஐந்து நிமிஷம் மறுபக்கம் என்று மாற்றுவதை விட்டுவிடலாம். முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, போகப் போகக் கொழுப்பு கூடும். பால் ஏராளமாக ஊறும் தாயிடம், குழந்தை இரண்டு பக்கத்திலும் முன்பாலை மட்டும் வயிறு முட்டக் குடித்தால், பாலிலுள்ள சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கி வாயுவாகிறது, மலம் பச்சையாக நுரைத்துப் போகிறது. ஒரு பக்கத்தை அதுவாக விடும்வரை குடிக்க விட்டு, பிறகு மறுபக்கம் காட்டலாம். சில மணி நேரத்துக்கு ஒரே பக்கம் மட்டும் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அது பால் மிகையாக உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் ஆலோசகர் சொன்னால்தான். மற்றவர்கள் செய்தால் பால் வற்றிவிடும்.

அழுகையெல்லாம் பசி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயிறு வலிக்கும் குழந்தையும் சப்பினால் ஆறுதல் கிடைக்கும் என்று மார்பைத் தேடும். இப்போதுதான் வயிறு நிறையக் குடித்தது என்றால், அது நிறைந்த வயிற்றின்மேல் இன்னும் ஏறும், ஏறியது திரும்பி வரும். ஒரு வாரக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 45 முதல் 60 மில்லிதான் கொள்ளும். அதற்காகப் பசிக்கும் குழந்தையைக் காக்க வைக்கச் சொல்லவில்லை. கையைச் சப்புவது, தலையைத் திருப்பித் தேடுவது தெரிந்தவுடனே, அழத் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அழுது அழுது களைத்த குழந்தை காற்றோடுதான் மார்புக்கு வரும்.

குடித்த பிறகு 20, 30 நிமிஷம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். உடனே தூளியில் போட்டால் வயிறு மடங்கும், கக்குவது கூடும். டயப்பரை வயிற்றில் இறுக்கிக் கட்டுவதும் அப்படித்தான். தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். கக்கினால் புரையேறிவிடும் என்று பயந்து குப்புறப் போடுவது ஆபத்து. தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. தலைக்குத் தலையணை வைத்து உயர்த்துவதும் வேண்டாம்.

ஏப்பம் எடுப்பதில் எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு உண்டு. சண்டிகரில் குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். முதுகில் தட்டி ஏப்பம் எடுத்த பிரிவில் வயிற்றுவலி அழுகை குறையவில்லை, கக்குவது கூடத்தான் செய்தது. ஆகவே தோளில் சாய்த்து மெல்லத் தடவினால் போதும் என்பேன். ஏப்பம் வந்தால் வரட்டும், வரவில்லை என்று தூங்கும் பிள்ளையை எழுப்பித் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவற்றுக்குக் குறைந்தது ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று அடுத்ததுக்குத் தாவினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

தாயின் சாப்பாட்டைக் குறைப்பது

நம் ஊரில் பிள்ளை பெற்றவளின் தட்டில்தான் முதலில் கை வைப்பார்கள். கிழங்கு வாயு, பருப்பு வாயு, முட்டைக்கோஸ் வாயு, தேங்காய் மந்தம். ஆனால் பால் ஊறுவது ரத்தத்திலிருந்து. தாயின் குடலில் உண்டாகும் வாயு குடலோடு நின்றுவிடும், பாலுக்குள் வராது. பாலுக்குள் வருவது சுவையும் மணமும்தான். 1991-ல் அமெரிக்காவில் தாய்மாருக்குப் பூண்டு கொடுத்து நடத்திய ஆய்வில், பூண்டு மணக்கும் பாலைக் குழந்தைகள் வெறுக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. பூண்டை வதக்கிப் போட்டுப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் நம் வழக்கத்துக்கு இது நல்ல செய்தி. பத்தியம் என்ற பெயரில் ரசம் சோறும் கருவாடும் மட்டும் கொடுத்து, பழமும் பருப்பும் கீரையும் மறுப்பது தாயைத்தான் உருக்குலைக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகச் சிறிதளவு குழந்தைக்குப் போகும். சில குழந்தைகளுக்கு அது ஒவ்வாமையாகிறது. மலத்தில் சளியோ ரத்தக் கீற்றோ வரும், சொறியும் தோல் தடிப்பும் இருக்கும், எடை மந்தமாகும். இப்படி அறிகுறி இருந்தால் மருத்துவர் தாயை இரண்டு முதல் நான்கு வாரம் பால் பொருள் இல்லாமல் இருக்கச் சொல்வார். சொன்னால் முழுதாகச் செய்ய வேண்டும். காபி, டீயில் பால், தயிர், மோர், பன்னீர், பால்பவுடர் கலந்த சத்து பானம், பிஸ்கட், பால் இனிப்பு எல்லாமே நிறுத்த வேண்டும். பாதி நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. அறிகுறி குறைந்தால், மறுபடி பால் சேர்த்து, திரும்ப வருகிறதா என்று பார்ப்பதும் சோதனையின் பகுதிதான். அந்த நாட்களில் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி கைகொடுக்கும். கால்சியம் மாத்திரையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கக்குவது மட்டும்தான் தொந்தரவு, எடை நன்றாக ஏறுகிறது என்றால் இந்தச் சோதனை அவசியமே இல்லை.

கடைச் சொட்டுகளும் கிரைப் வாட்டரும்

கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது. அன்றைய கலவையில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரையோடு ஆல்கஹாலும் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதைக் குடித்து அமைதியானதற்கு ஆல்கஹாலும் இனிப்பும் காரணமாக இருந்திருக்கும். இன்று ஆல்கஹாலை நீக்கிவிட்டார்கள், இனிப்பு இருக்கிறது. இனிப்பு நாக்கில் பட்டால் பச்சைக்குழந்தை சில நிமிஷம் அழுகையை நிறுத்தும், அவ்வளவுதான். ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு மாறாக, சிறிய வயிற்றில் பாலுக்கான இடத்தை இது பிடித்துக்கொள்கிறது.

வயிற்றில் சேரும் வாயுக்குமிழிகளை உடைக்கும் என்று கொடுக்கப்படும் சிமெத்திகோன் சொட்டு பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆனால் மருந்தே இல்லாத சொட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அதைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது டைசைக்ளோமின் கலந்த வயிற்றுவலிச் சொட்டுக்கு. ஆறு மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரலாம் என்பதால் அதைக் கொடுக்கவே கூடாது. அண்ணன் பிள்ளைக்கு வாங்கிய பாட்டில் மிச்சம் இருக்கிறது என்று எடுக்கும் முன், லேபிளில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சொட்டுகளில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருப்பது லாக்டோபேசில்லஸ் ராய்ட்டரி என்ற நல்ல பாக்டீரியா சொட்டில் மட்டும்தான். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளின் நீண்ட அழுகையை அது குறைப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. டப்பா பால் குடிக்கும் குழந்தைகளிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது.

வசம்பு, உரைமருந்து, குடல் தட்டுவது

பாட்டிமாரின் கையைத் தட்டிவிடுவது எனக்குப் பிடிக்காது. வெதுவெதுப்பான கையால் வயிற்றை வலஞ்சுழியாகத் தடவுவது, காலைப் பிடித்து மெல்ல வயிற்றோடு மடக்கி நீட்டுவது, மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தடவுவது எல்லாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை. தொப்புள்கொடி விழுந்து ஆறிய பிறகு, பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினாலும் பெரிதாகக் கெடுதல் இல்லை, தோல் சிவந்தால் விட்டுவிடலாம்.

வாய்க்குள் போவதுதான் பிரச்சினை. வசம்பில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது நச்சுத்தன்மை உடையது என்று அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். குழந்தையின் கையில் கட்டும் வசம்பு வளையலும் வாய்க்குத்தான் போய்ச் சேரும். உரைமருந்தில் ஜாதிக்காயும் மாசிக்காயும் கடுக்காயும் எத்தனை இழைப்பு இறங்கியது என்று யாருக்கும் கணக்குத் தெரியாது, உரைகல்லின் சுத்தமும் சந்தேகம். சேனை என்று தேன் தடவுவதை ஒரு வயதுவரை செய்யவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ‘குடல் தட்டுறேன்’ என்று தலைகீழாகப் பிடித்து உலுக்குவதற்கும், குளிப்பாட்டும்போது தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுப்பதற்கும் சம்மதிக்காதீர்கள். இந்த விஷயத்தில் பெரியவர்களிடம் கண்டிப்பாகப் பேசினாலும் தப்பில்லை.

டப்பா பாலுக்கு மாறுவது

கக்குவதற்காக இதைத் தேர்ந்தெடுப்பது, என் கணக்கில், எல்லாவற்றிலும் விலை கூடிய முடிவு. நான் பணத்தை மட்டும் சொல்லவில்லை. தாய்ப்பால் இரைப்பையிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடும், டப்பா பால் அதைவிட நேரமெடுக்கும். கக்கும் குழந்தைக்கு அது எப்படி உதவும்? டப்பாவில் இருப்பதும் பெரும்பாலும் பசும்பாலின் புரதம்தான். ஒவ்வாமை இருந்தால் நேரடியாக, அதிகமாகப் போகும். லாக்டோஸ், அதாவது பாலிலுள்ள சர்க்கரை, இல்லாத பால் என்று விற்பதும் இந்த வயதுக் குழந்தைகளில் மிகமிகச் சிலருக்கே தேவை, ஏனென்றால் பிறவியிலேயே லாக்டோஸ் செரிக்காத நிலை அபூர்வம். இந்தியாவில் 1992-ல் வந்த சட்டம் குழந்தைப் பால் விளம்பரத்தையே தடை செய்கிறது. இருந்தும் மாற்றிவிடு என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. நாலு நாள் மாற்றிப் பார்ப்போம் என்று தொடங்கினால், சப்பல் குறைந்து மார்பில் ஊறலும் குறையும். நாலு நாள் கழித்துத் திரும்புவது அவ்வளவு சுலபமில்லை.

எடை ஏறவில்லை, கொஞ்ச நாள் கூடுதல் பால் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் அது வேறு. அப்போது பிழிந்த தாய்ப்பால், அதற்கடுத்து மற்ற தாய்மார் தானமாகக் கொடுத்த பாலைச் சேமித்துத் தரும் தாய்ப்பால் வங்கி, பிறகு டப்பா பால் என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். டப்பா பால்தான் என்றால், கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறும் முன் பொடியைக் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுங்கள். அதற்காக எந்தத் தாயும் குற்ற உணர்வில் புழுங்க வேண்டியதில்லை. மார்பில் சப்ப விடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மாத்திரை மருந்தும், காத்திருப்பதும்

அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளைச் சில மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். எடை ஏறும், சிரித்த முகமாகக் கக்கும் குழந்தைக்கு அவை வேண்டாம் என்பதே குழந்தைகளுக்கான இரைப்பை, குடல் மருத்துவ நிபுணர்களின் வழிகாட்டுதல். வயிற்று அமிலம் கிருமிகளைத் தடுக்கும் வேலி என்பதால், அதைக் குறைத்தால் தொற்று எளிதில் வரும். “எடை சரியா இருக்கே டாக்டர், இது அவசியமா?” என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

மிச்சமிருப்பது காத்திருப்பது. சாயங்காலம் ஆனால் காரணம் தெரியாமல் அழும் இந்த அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கும். அதுவரை தாய் தாக்குப்பிடிக்க வேண்டும். சாயங்கால வேளை குழந்தையை வாங்கிக்கொண்டு நடப்பது அப்பாவின் வேலையாக இருக்கட்டும், தாத்தா இருந்தால் அவரும் கை மாற்றிக்கொள்ளட்டும். வயிறு முன்கையில் படும்படி, தலையை முழங்கை மடிப்பில் தாங்கிக் குப்புறப் பிடித்துக்கொண்டு நடந்தால் பல குழந்தைகள் அடங்கும். யாருக்காவது பொறுமை போனால், குழந்தையை உலுக்காமல் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் அடுத்த அறைக்குப் போய் வரலாம். தாய் அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும், அடுத்த பாலுக்கு எழுப்பினால் போதும்.